நீலம் என்றால் எந்தப் பால்?

நகரி, புத்தூர் பக்கமிருந்து திருத்தணிக்கு வரும் பக்தர்கள் நம் கடைகளில் பால் பாக்கெட் கேட்கும்போது நிறத்தை மட்டும் நம்பிக் கொடுத்துவிடலாகாது. ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால். ஆரஞ்சு 6 சதவீத நிறைகொழுப்புப் பால். இது நமக்குப் பாடம், வெளியூராருக்கு அப்படியல்ல. இங்கிலாந்தில் நீல மூடி கொழுப்பு நீக்காத பால், சிவப்பு மூடி கொழுப்பு நீக்கிய பால். அமெரிக்காவிலோ பெரும்பாலும் சிவப்பு மூடியே நிறைகொழுப்புப் பால்!

எனவே, "காபிக்கா, குழந்தைக்கா, தயிர் தோய்க்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பாக்கெட்டில் அச்சிட்ட கொழுப்பு அளவைக் காட்டிக் கொடுப்போம். பிரித்த பாக்கெட்டை மாற்றித் தர நம்மால் இயலாது. மனம் கசந்து போன வாடிக்கையாளரும் திரும்பி வரமாட்டார்.