உப்புக்காற்றும் அரை ஓமும்

திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கம் கடலோரமாக இருக்கிறது சல்லி. முத்துமாரி அம்மன் கோவிலாலும் மீன்பிடித் தொழிலாலும் பெயர்பெற்ற ஊர். இப்படியான கரையோர ஊர்களில் யன்னல் கம்பியில் தொடங்கி சைக்கிள் செயின் வரை உப்புக்காற்று அரித்துவிடும். சுவரில் இருக்கும் பிளக் பொயின்ற்றும் தப்புவதில்லை. உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வயரை இறுக்கிப் பிடிக்கும் திருகாணி மெல்லத் தளரும். கொஞ்ச நாளில் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பு படரும். பழசாகிவிட்டது என்று வீட்டுக்காரர்கள் விட்டுவிடுவார்கள். உண்மையில் அது உள்ளே சூடேறியதன் தடம். எவ்வளவு சூடு என்பதைச் சாதாரண தரப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது தடை. வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது வலு. அவ்வளவுதான் சூத்திரம். இலங்கையில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 2000 வாட் என்று அடியில் அச்சிட்ட மின்கேத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 அம்பியர். 230ஐ அந்த 8.7ஆல் வகுத்தால், கேத்திலின் சூடாக்கும் சுருளுக்கு ஏறத்தாழ 26.5 ஓம் தடை. கேத்தில், அயன்பெட்டி, ஹீட்டர் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் ஆகியவற்றில் கொஞ்சம் பிசகும். அங்கே வோல்ட்டும் அம்பியரும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை.

இனி அந்தக் களிம்புக்கு வருவோம். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், மொத்தத் தடை 27 ஓம். ஓடும் மின்னோட்டம் 8.5 அம்பியர். அந்த அரை ஓமில் இழக்கப்படுவது நாலேகால் வோல்ட் மட்டுமே. கேத்தில் வழக்கம்போலக் கொதிக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 4.25ஐ 8.5ஆல் பெருக்கிப் பார்த்தால் 36 வாட் வருகிறது. ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனின் சூடு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது விரல்நுனி அளவு இடத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்பார்கள். அது விழாது. மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது விழும். பிரேக்கரும், சதுரமுனைப் பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் பியூசும் மின்னோட்டம் அளவு மீறினால்தான் அறுக்கும். இங்கேயோ மின்னோட்டம் 8.7இலிருந்து 8.5ஆகக் குறைந்தல்லவா இருக்கிறது! பாதுகாப்புக் கருவிகளின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

மின்னழுத்தம், மின்னோட்டம், தடை மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். அதற்கான சோதனைகளைச் செய்தபோது அவர் கொலோன் நகரில் பள்ளிக்கூட ஆசிரியர். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பதை 1840களின் தொடக்கத்தில் அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தில் பியர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் நெருப்பு வராமல் பார்க்க விரும்புபவருக்கு இந்த இரண்டாமவர்தான் கூடுதல் உதவி.

கரையில் இருக்கும் வாடிக்கு வீட்டிலிருந்து 50 மீட்டர் வயர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் என்றால், போக வர 100 மீட்டருக்குத் தடை ஏறத்தாழ 1.8 ஓம். பல்புகளுக்கும் ஒரு மின்விசிறிக்குமாக ஒரு அம்பியர் ஓடினால் வயரில் வீணாவது 1.8 வாட், கை வைத்தாலும் தெரியாது. அதே வயரில் 10 அம்பியர் இழுக்கும் ஹீட்டரை மாட்டினால் 18 வோல்ட் குறையும், வயரில் 180 வாட் எரியும். மின்னோட்டம் பத்து மடங்கு, சூடு நூறு மடங்கு. மிச்ச வயரைச் சுருளாகவே போட்டு வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி உறை உருகத் தொடங்கும்.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூரிலும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் பெரிது. அங்கே இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்டிபிசியும் சேர்ந்து சூரிய மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. முதற்கட்டம் 50 மெகாவாட். அதைக் கப்பல்துறைக்குக் கொண்டுபோகத் திட்டத்தில் வகுத்த பாதை 220 கிலோவோல்ட். அந்த அழுத்தத்தில் ஒவ்வொரு கம்பியிலும் ஓடுவது சுமார் 131 அம்பியர். ஊர்களுக்குள் ஓடும் 33 கிலோவோல்ட்டில் அதையே அனுப்பினால் 875 அம்பியர் ஆகிவிடும். அதே கம்பியில் இழப்பு 44 மடங்கு.

மல்டிமீட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள் ஒரு இடத்தில் குழம்புவார்கள். 60 வாட் குண்டு பல்பின் தடை கணக்குப்படி 880 ஓம் வர வேண்டும். அணைந்த பல்பை அளந்தால் அதில் பத்திலொரு பங்குகூடக் காட்டாது. மீட்டர் பழுதில்லை. டங்ஸ்டன் இழை வெண்சூட்டில்தான் அந்தத் தடைக்கு ஏறும். குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில் "டப்" என்று போவதற்கும் குளிர்ந்த இழையில் பாயும் அந்த முதல் வேக மின்னோட்டமே காரணம்.

பழுப்பேறிய பிளக் பொயின்ற்றை எலக்ட்ரீசியன் ஒருவர் சோதிக்கும் விதமும் இதே வகுத்தல்தான். கேத்தில் ஓடும்போது மெயின் சுவிட்ச்சடியில் 228 வோல்ட், பிளக்கடியில் 220 வோல்ட் என்று வந்தால் இடையில் 8 வோல்ட்டைக் காணோம். அப்போது ஓடுவது 8.3 அம்பியர், வகுத்தால் கிட்டத்தட்ட ஒரு ஓம். சுவருக்குள் போகும் ஏழு இழைச் செப்பு வயர் (7/0.67) பத்து மீட்டர் தூரத்துக்கு, போக வர 0.15 ஓமுக்கு மேல் தராது. மீதி, எண்பது சதவீதத்துக்கு மேல், இணைப்பின் கோளாறு. அங்கே 55 வாட்டுக்கு மேல் எரிகிறது. வயரிங்கை உடைக்க வேண்டியதில்லை. மெயினை அணைத்துவிட்டு, கருகிய முனையை வெட்டி, செம்பு பளபளக்கும் வரை புதிதாகச் சீவி, புதிய பிளக் பேஸில் இறுக்கினால் அந்த 8 வோல்ட் ஒன்றேகால் வோல்ட்டாகச் சுருங்கிவிடும்.