துன் சம்பந்தனும் தோட்டத் துண்டாடலும்

ஒருவர் வகித்த பதவிகளை வரிசைப்படுத்துதல் எளிது. அப்பதவிகளால் மக்கள் கையில் எஞ்சியது யாது என வினவுதலே அரிது. ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டப்புறங்களை அறிந்த நாம், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் வாழ்வை அவ்வினாவோடு அணுகுவோம்.

1919இல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்ட உரிமையாளரின் மகனாக அவர் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1955இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவரானார். அவ்வாண்டே நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் வென்று தொழிலமைச்சராகப் பொறுப்பேற்றார். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, தேசிய ஒற்றுமை முதலிய துறைகளையும் நடத்தினார்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். சிறு துண்டின் உரிமையாளருக்குப் பெருந்தொகையான தொழிலாளர் தேவைப்படவில்லை. தோட்டத்து லயன் வீடோ வேலையோடு பிணைந்தது. ஆகவே வேலை போன அன்றே கூரையும் போயிற்று. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆதரவிழந்தன.

இதற்கு விடையாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கின் விலை நூறு வெள்ளி. அதனைத் தவணையாகவும் செலுத்தலாம். தோட்டந்தோறும் சென்று சம்பந்தன் உறுப்பினர் சேர்த்தார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டம். பால்மரம் வெட்டியவரே அம்மரத்தின் பங்காளியுமானார்.

எனினும் இம்முயற்சி எல்லாரையும் காக்கவில்லை. விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் வாங்கச் சங்கத்தின் நிதி போதவில்லை. குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறியோர், 1969இல் வேலை அனுமதி முறை கடுமையானபோது தமிழகத்திற்குக் கப்பலேற நேர்ந்தது. தாளில் உள்ள உரிமை, கேட்டுப் பெறப்படாவிடின் உரிமையாகாது என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

1979இல் சம்பந்தன் மறைந்தார். அமைச்சர் பதவி அவருக்கு முன்னரே முடிந்தது. கூட்டுறவுச் சங்கமோ அவருக்குப் பின்னும் நிலைத்தது. இன்று செம்பனைத் தோட்டங்களும் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம்விடும் வேளையில், நம் சேமிப்பு நிலமாக மாறுமா என்ற வினா பழையதன்று. அதற்கு விடையளிக்கும் பொறுப்பு இப்போது நம்முடையது.