எட்டு இலக்கமும் எளிய வியாபாரியும்

பல்லவர் காலத்தில் மரக்கலங்கள் வந்தணைந்த மாமல்லபுரக் கரையில் இன்று வர்த்தகக் கப்பல் நிற்பதில்லை. ஆயினும், செங்கற்பட்டுக் கடைவீதியில் விற்கும் அயல்நாட்டுக் கைக்கடிகாரத்தின் விலையில் சுங்கமும் அடங்கியிருக்கிறது. அச்சுங்கத்தை நிர்ணயிப்பன 1975ஆம் வருஷத்துச் சுங்க வரி விகிதச் சட்டத்தின் எட்டு இலக்கங்களே. அவற்றுள் முதல் ஆறு பல தேசங்களுக்கும் பொது. கடையிரண்டும் நம் நாட்டினுடையவை.

மணி காட்டுவதால் அது கடிகாரங்களுக்குரிய 91ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்ததென்று எண்ணத் தோன்றும். ஆனால், தொலைபேசியுடன் கம்பியின்றிச் செய்தி பரிமாறும் கைக்கடிகாரம் 8517ஆம் தலைப்பில் அடங்குவது. பெயரை நோக்கி எண்ணிடுதல் தவறு. தலைப்பின் வாசகமும் அத்தியாயக் குறிப்புகளுமே பிரமாணம் என்பது முதல் விதி.

2011 முதல் வரியைக் கணித்துரைக்கும் பொறுப்பு இறக்குமதி செய்வோரையே சார்ந்தது. பிழை நேரின் பாக்கி வரியோடு வட்டியும் அபராதமும் தொடரக்கூடும். பெருங் கம்பெனிகள் வக்கீல்களை அமர்த்தி வாதாடும். சிறு வியாபாரி என் செய்வான்? சரக்கு வருமுன்னரே தீர்ப்புப் பெறும் வழி 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தில் உண்டு. அதனை நம்மவர் கைக்கொள்வாராக. சர்க்காரும் இவ்விதிகளைத் தெளிந்த தமிழில் வழங்குமாறு வேண்டுகிறோம். விளங்காத சட்டத்திற்குப் பணிவது குடிகளுக்கு அரிது.