கட்டணமில்லாத அட்டையும் கடல் கடந்த பயணமும்

ஒரு நாட்டின் பணம் அந்நாட்டின் எல்லையைத் தாண்டியவுடன் பெரும்பாலும் வெறுங் கடதாசியாகிவிடுகின்றது. ஊரிலே மதிப்புடன் கைமாறிய தாள், அயல்நாட்டுக் கடைக்காரன் முன்னே பயனற்றுக் கிடக்கின்றது. ஆகவே, பயணஞ் செய்வோர் எக்காலத்திலும் தம் பணத்தை மாற்றித் தருவதற்கு இன்னொருவரை நாட வேண்டியவராகவே இருந்துள்ளனர். மாற்றித் தருபவரும் தம் உழைப்புக்கென ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளாமல் விட்டதில்லை. நாணய மாற்றில் கழிக்கப்பட்ட அப்பங்கினை நம் முன்னோர் வட்டம் என்று வழங்கினர்.

கொழும்புச் செட்டியார் தெருவிலே ஒரு காலத்தில் உண்டியல் என்னும் முறை சிறந்து விளங்கிற்று. வணிகன் பணமூட்டையைக் கப்பலிலே சுமந்து செல்லவில்லை. இங்கே பணத்தைச் செலுத்தி, ஓர் ஓலையைப் பெற்று, அக்கரையிலே அவ்வோலையைக் காட்டிப் பணத்தைப் பெற்றுக்கொண்டான். மேல்நாட்டிலே தோமஸ் குக் நிறுவனம் 1874ஆம் ஆண்டில் சுற்றுலாப் பயணிகளுக்கென இத்தகைய பணச்சீட்டுக்களை வெளியிட்டது. 1891ஆம் ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணிகள் காசோலையை வழங்கத் தொடங்கிற்று. அடுத்த ஒரு நூற்றாண்டு காலம் அக்காசோலையே வெளிநாடு செல்வோரின் உற்ற துணையாக விளங்கியது.

இன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது வங்கி அட்டை. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே பிரெஸ்னோ என்னும் நகரில் ஒரு வங்கி பொதுமக்களுக்குக் கடனட்டைகளை அனுப்பிவைத்தது. அவ்வட்டையே 1976ஆம் ஆண்டில் விசா என்னும் பெயரைப் பெற்றது. 1967ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆந் திகதி இலண்டன் மாநகரைச் சேர்ந்த என்பீல்டில் பார்க்ளேஸ் வங்கி பணம் வழங்கும் இயந்திரம் ஒன்றைத் திறந்துவைத்தது. இவ்விரண்டு முயற்சிகளும் காலப்போக்கில் ஒன்றிணைந்தமையாலேயே, இலண்டனில் பெற்ற ஓர் அட்டையைக் கொண்டு யாழ்ப்பாணத்திலே நள்ளிரவிலும் ரூபாவைப் பெறுதல் இன்று கைகூடியுள்ளது.

எனினும், வட்டம் மறைந்துவிடவில்லை. அதன் உருவமே மாறியுள்ளது. பிரித்தானியாவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள பெரிய வங்கிகள் பலவற்றின் சாதாரண அட்டையை வெளிநாட்டிலே பயன்படுத்தினால், செலவிட்ட தொகையில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பவுண் மேலதிகமாக அறவிடப்படும். இதற்கு மாறாக, இக்கட்டணத்தை அறவே நீக்கிய அட்டைகளும் அங்கே சில வங்கிகளால் வழங்கப்படுகின்றன. இவையே கட்டணமில்லாத அட்டைகள் எனப்படுகின்றன. விடுமுறைக்கு 1,000 பவுண் செலவிடும் ஒருவருக்கு இதனால் 30 பவுண் வரை மிச்சமாகின்றது.

அப்படியாயின் அவ்வங்கி எவ்வாறு பிழைக்கின்றது என்று நேயர்கள் வினவக்கூடும். ஒவ்வொரு முறை அட்டை பயன்படும்போதும், கடைக்காரரின் வங்கி, அட்டை வழங்கிய வங்கிக்கு ஒரு சிறு தொகையைச் செலுத்துகின்றது. வாடிக்கையாளர் வைப்பிலிடும் பணத்தைக் கொண்டும் வங்கி வருவாய் ஈட்டுகின்றது. ஆதலால், இது தானமுமன்று, ஏமாற்றுமன்று, வாடிக்கையாளரைத் தன்பால் ஈர்ப்பதற்கு வங்கி மேற்கொண்ட ஒரு வணிக முறையாகும்.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் பதித்தல் வேண்டும். அட்டை வழங்கிய வங்கி தனது கட்டணத்தை மாத்திரமே விட்டுக்கொடுக்கின்றது. வழியிலே நிற்கும் ஏனையோர் கட்டணத்தை அவ்வங்கியால் தடுக்க இயலாது. இவ்வேறுபாட்டை அறியாதவர், கட்டணமில்லாத அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கட்டணஞ் செலுத்திக்கொண்டிருப்பர்.

இலண்டனிலே பல்லாண்டு வாழ்ந்த ஒரு மூதாட்டி, தங்கையின் பேர்த்தியின் திருமணத்திற்காக இலங்கைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இருப்பது கட்டணமில்லாத அட்டை. கொழும்பிலே ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கிப் புறப்படும்போது 40,000 ரூபா செலுத்த வேண்டியுள்ளது. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு ஒரு பவுண் 400 ரூபா என்று கொண்டால், இத்தொகை 100 பவுணுக்குச் சமம். விடுதி எழுதுவினைஞர் அட்டையைச் சிறு கருவியில் இட்டதும், அக்கருவி ஒரு வினாவை எழுப்புகின்றது: ரூபாவிலே செலுத்துவதா, பவுணிலே செலுத்துவதா? அருகே நிற்கும் தங்கை மகன், "பெரியம்மா, உங்கட காசிலேயே குடுங்கோ, கணக்கு விளங்கும்" என்கிறான். அன்பினாற் சொன்ன சொல். மூதாட்டியும் இசைகிறார். கருவி காட்டிய தொகை 105 பவுண்.

அந்த 5 பவுண் எங்கே சென்றது? பவுண் என்பதைத் தெரிவு செய்த கணத்திலேயே, ரூபாவைப் பவுணாக மாற்றும் பணி விடுதியின் வங்கிக்கும் அதனோடு சேர்ந்து இயங்கும் மாற்று நிறுவனத்துக்கும் உரியதாகிவிட்டது. அவர்கள் தாம் விரும்பிய வீதத்தில் மாற்றினர்; கிடைத்த இலாபத்தில் விடுதிக்கும் ஒரு பங்கு சேர்வதுண்டு. ரூபாவைத் தெரிவு செய்திருந்தால், மாற்றம் விசா அல்லது மாஸ்ரர்கார்ட் நிறுவனத்தின் அன்றைய வீதத்தில் நடைபெற்றிருக்கும். அவ்வீதம் சந்தை வீதத்தை மிகவும் அண்டியது. கட்டணமில்லாத அட்டை ஆகையால் அதன்மேல் ஒரு சதமேனும் ஏறியிராது.

இதிலே உறுத்துகின்ற செய்தி ஒன்றுண்டு. 100க்கு 3 பவுண் அறவிடும் சாதாரண அட்டையை வைத்திருக்கும் ஒருவர், அதே விடுதியில் ரூபாவைத் தெரிவு செய்திருப்பாராயின் 103 பவுணே செலுத்தியிருப்பார். எனவே, பிழையாகப் பயன்படுத்தப்பட்ட நல்ல அட்டை, சரியாகப் பயன்படுத்தப்பட்ட சாதாரண அட்டையிலும் கூடுதலான செலவை விளைத்துவிட்டது. அட்டையைத் தேர்ந்தெடுத்தல் பாதி வேலை. கருவியின் வினாவுக்கு விடை கூறுதல் மறுபாதி வேலை.

இவ்வினாவுக்குரிய விடை எந்நாட்டிலும் ஒன்றே: எந்த நாட்டில் நிற்கின்றோமோ, அந்த நாட்டின் பணம். இலங்கையிலே ரூபா, பிரான்சிலே யூரோ, யப்பானிலே யென். அட்டைக்குரியவருக்குத் தெரிவு அளிக்கப்பட வேண்டும் என்பது விசா, மாஸ்ரர்கார்ட் ஆகிய நிறுவனங்களின் விதியாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில், இவ்வாறு மாற்றுவோர் ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்திலும் எத்தனை வீதம் கூட்டியுள்ளனர் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற சட்டம் 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 19ஆந் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. எழுதுவினைஞர் கேளாமலே பொத்தானை அழுத்திவிட்டால், பற்றுச்சீட்டைப் பார்த்து, அக்கணமே அக்கொடுப்பனவை நீக்கி உள்நாட்டுப் பணத்தில் மீண்டும் பதியுமாறு பணிவுடன் கேட்கலாம். விடுதியை விட்டு வெளியேறிய பின் இதனைத் திருத்துதல் கடினம்.

பணம் வழங்கும் இயந்திரங்களிலும் இதே வினா எழுகின்றது. ஆனால் அங்கே வினாவின் சொற்கள் மயக்கந் தருவன. மாற்று வீதத்தை ஏற்கிறீரா, மறுக்கிறீரா என்று திரை கேட்கும். மறுத்தால் பணமே வராது என்று அஞ்சிப் பலர் ஏற்றுக்கொள்கின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. மறுக்கப்படுவது மாற்று வீதம் மாத்திரமே. பணம் வெளிவரும், மாற்றத்தை அட்டையின் வலையமைப்பு தன் வீதத்திற் செய்துகொள்ளும்.

இயந்திரத்துக்கு உரிய வங்கி அறவிடும் கட்டணம் வேறொன்று. சில நாடுகளில் இது அரிது. சில நாடுகளில் தவிர்த்தற்கரியது. இதற்குப் பெயர்பெற்ற நாடு தாய்லாந்து. அங்கே வெளிநாட்டு அட்டையால் ஒருமுறை பணமெடுப்பதற்கு 220 பாத் அளவில் அறவிடுதல் வழக்கமாகிவிட்டது. எடுக்கும் தொகை சிறிதாயினும் பெரிதாயினும் கட்டணம் ஒன்றே. 2,000 பாத் எடுப்பவர் நூற்றுக்கு 11 பாத் இழக்கின்றார். 20,000 பாத்தை ஒரே முறையில் எடுப்பவர் நூற்றுக்கு 1.10 பாத் மாத்திரமே இழக்கின்றார். அதே 20,000 பாத்தைப் பத்து முறையாக எடுப்பவரோ 2,200 பாத்தைக் கட்டணமாகக் கொடுக்கின்றார். ஆகவே, இத்தகைய நாட்டில் குறைந்த தடவைகளில் கூடிய தொகையை எடுத்தலும், இயன்றவிடத்து அட்டையாலேயே நேராகச் செலுத்துதலும் சிக்கனமாகும். இலங்கையிலும் இயந்திரத்துக்கு இயந்திரம் வழக்கம் வேறுபடும். கட்டணம் உண்டெனின் திரை அதனை அறிவிக்கும். உடன்பாடில்லையெனின் விலகி, வேறு வங்கியின் இயந்திரத்தை நாடலாம்.

கடனட்டைக்கும் பற்று அட்டைக்கும் உள்ள வேறுபாடும் அறியத்தக்கது. பற்று அட்டை கணக்கிலுள்ள சொந்தப் பணத்தை எடுக்கின்றது. கடனட்டையால் இயந்திரத்திற் பணமெடுத்தல் கடன் வாங்குதலாகும். அட்டை கட்டணமில்லாததாக இருப்பினும், எடுத்த நாள் தொடக்கமே வட்டி ஓடத் தொடங்குதல் பொது வழக்கம். எனவே, காசு எடுக்கப் பற்று அட்டையும், விடுதி முற்பணம், வாடகைக் கார் முதலியவற்றுக்குக் கடனட்டையும் பொருத்தமாம். விடுதிகள் பிணையாகத் தடுத்துவைக்கும் தொகை திரும்ப விடுபடச் சில நாட்கள் செல்லும். பற்று அட்டையாயின் அந்நாட்களில் சொந்தப் பணமே முடங்கிக் கிடக்கும். மேலும், சில அட்டைகளில் கட்டணமின்றி எடுக்கத்தக்க தொகைக்கு மாத எல்லை ஒன்றுண்டு. இவை யாவும் வங்கி தரும் நிபந்தனைத் தாளிலே எழுதப்பட்டிருக்கும். பயணப் பெட்டியைக் கட்டுமுன் அத்தாளைப் படிப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

இலங்கையிலிருந்து புறப்படும் நேயர்களுக்கும் இச்செய்தி உரியதே. இங்குள்ள அட்டை வெளிநாட்டிலே செயற்படுமா, அதற்கு என்ன கட்டணம் என்பதை வங்கியிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரு கடையில், இலங்கை ரூபாவிற் செலுத்தலாம் என்று கருவி அழைப்பு விடுத்தால், சொந்த ஊர்ப் பணத்தைக் கண்ட மகிழ்ச்சியில் மயங்கிவிடக் கூடாது. மாற்று நிறுவனம் ஒருமுறை கழித்த பின்னர், வெளிநாட்டுக் கொடுப்பனவு என்ற காரணத்தினால் சொந்த வங்கியும் இன்னொரு முறை கழிக்கக்கூடும்.

எத்துணைச் சிறந்த அட்டையாயினும் ஒன்றை மாத்திரம் நம்பிப் பயணஞ் செய்தல் தகாது. இயந்திரம் அட்டையை விழுங்கிவிடலாம். வங்கி ஐயங்கொண்டு அதனைத் தடுத்துவிடலாம். இரண்டு அட்டைகளை இரு வேறிடங்களில் வைத்திருத்தலும், முதல் நாட் செலவுக்குச் சிறிது காசு கையில் இருத்தலும், இரகசிய இலக்கத்தை அட்டையோடு எழுதி வையாதிருத்தலும், வங்கியின் தொலைபேசி இலக்கத்தைத் தனியே குறித்து வைத்தலும் நன்று.

மீண்டும் அந்த மூதாட்டியிடம் வரலாம். திருமண வீட்டுச் செலவுகளுக்காக அவர் மொத்தம் 1,000 பவுண் அட்டையால் செலுத்துகிறார் என்று கொண்டால், ஒவ்வொரு முறையும் பவுண் என்று அதே வீதத்தில் இசைந்ததனால் அவர் இழப்பது 50 பவுண். நம் நாட்டுக் கணக்கில் 20,000 ரூபா. பேர்த்தியின் கையில் மொய்யாக வைத்திருக்கக்கூடிய பணம் அது. எவரும் அதனைத் திருடவில்லை. ஒரு சிறு கருவி கேட்டது; அறியாமையால் விடை கூறப்பட்டது. ஊரிலிருந்து வரவேற்கச் செல்லும் மருமக்களும் பெறாமக்களும் அடுத்த முறை, "பெரியம்மா, ரூபாவிலேயே குடுங்கோ" என்று சொல்வார்களாயின், அந்த 20,000 ரூபா குடும்பத்தை விட்டுப் போகாது.