தந்தை பாடிய பாட்டு

ஆப்பெரா பாடகர் என்றதும் நம் மனக்கண்முன் என்ன வருகிறது? பிரம்மாண்டமான அரங்கம், பெரிய வாத்திய கோஷ்டி, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கிற கம்பீரமான சாரீரம் – இவைதாமே? ஹுவான் டியகோ ஃபுளோரெஸும் அந்த ரகத்தைச் சேர்ந்தவர்தாம். ஆனால் கச்சேரி முடிந்து ரசிகர்கள் எழுந்து போக மனமில்லாமல் கைதட்டிக்கொண்டே இருந்தால், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு கிதார். ரோஸினியின் கடினமான உருப்படிகளில் சிலம்பமாடிய அதே குரல், தென் அமெரிக்கப் பாட்டுக்களைச் சன்னமாக இழைக்க ஆரம்பிக்கும்.

அந்தப் பாட்டுக்கள் அவருக்குப் பிதுரார்ஜிதச் சொத்து!

1973-ல் பெரு நாட்டின் தலைநகரான லீமாவில் பிறந்தவர் ஃபுளோரெஸ். தகப்பனார் ரூபென், 'கிரியோயா' என்ற உள்ளூர் மெல்லிசையைக் கிதாருடன் பாடிப் பெயர் எடுத்தவர். தாயார், இரவில் பாட்டு நடக்கும் ஒரு மதுவிடுதியை நிர்வகித்து வந்தார். பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால், "நீ போய்ப் பாடு" என்று மகனைத்தான் மேடையேற்றுவார்கள்.

ஜனரஞ்சகப் பாடகராக வேண்டும் என்பதே பையனின் ஆசை. அதற்குக் குரலைப் பண்படுத்திக்கொள்ளத்தான் பதினேழாவது வயதில் லீமா சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சாஸ்திரீய சங்கீதம் ஆளைப் பிடித்துக்கொண்டது. 1993-ல் அமெரிக்காவின் கர்ட்டிஸ் இசைக் கழகத்துக்குப் போனார். 1996-ல் இத்தாலியில், பெஸாரோ நகரத்து ரோஸினி விழா. முக்கியப் பாடகருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியவில்லை. இருபத்து மூன்று வயது ஃபுளோரெஸ் அந்த வேஷத்தை ஏற்றார்; ஒரே இரவில் பிரபலமானார். அம்மாவின் விடுதியில் பழகிய வேலைதானே!

மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் ஒரே பாட்டை இரண்டாம் முறை பாடும் வழக்கம் 1933-க்குப் பிறகு நின்று போயிருந்தது. 2007-ல் டொனிஸெட்டியின் ஆப்பெரா ஒன்றில், மேல் ஸ்தாயி 'ஸி' ஸ்வரம் ஒன்பது முறை வரும் பாட்டை ஃபுளோரெஸ் பாடினார். சபை விடவில்லை. மறுபடியும் ஒன்பது!

இப்படிப்பட்டவர் விடுதிப் பாட்டைப் பாடலாமா என்று முகம் சுளிப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டின் பூர்வோத்தரத்தைக் கேளுங்கள். லீமாவின் 'வால்ஸ்' ஐரோப்பிய நடன சாலையிலிருந்து கப்பலேறி வந்தது. கிதார் ஸ்பெயின் கொடுத்தது. தாளத்தில் ஆப்பிரிக்க ரத்தம் ஓடுகிறது. அடிமைகளின் சந்ததியார் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கையால் தட்டி வாசித்ததே 'கஹோன்' என்ற வாத்தியம். மூன்று கண்டங்கள் கூடிப் பெற்ற குழந்தையை மட்டம் என்று சொல்ல முடியுமா?

ரூபென் விரும்பிப் பாடியவை சபூகா கிராண்டா என்ற பெண்மணி (1920–1983) இயற்றிய பாட்டுக்கள். அவற்றில் புகழ் பெற்றது 'லா ஃபுளோர் தெ லா கனேலா'. 'இலவங்கப் பூ' என்று பொருள். ஸ்பானிய மொழியில் 'அருமையிலும் அருமை' என்ற அர்த்தமும் உண்டு. லீமாவில் தமக்குத் தெரிந்த விக்டோரியா அங்குலோ என்ற கறுப்பினப் பெண்ணை நினைத்து சபூகா எழுதியது. கூந்தலில் மல்லிகையோடு அவள் பாலத்தைக் கடந்து ஒய்யாரமாக நடந்து போகிறாள் – அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு நகரமே அவள் பின்னால் நடந்து வருகிறது!

இந்தப் பாட்டை ஆப்பெரா குரலில் பாடுவதில் ஓர் அபாயம் இருக்கிறது. முழுத் தொண்டையையும் திறந்தால் பாட்டு நசுங்கிவிடும். வயலின்கள் ஐம்பது சேர்ந்தால் மல்லிகையின் மேல் கம்பளி போர்த்தினாற் போல் ஆகிவிடும். ஃபுளோரெஸும் 2006-ல் 'சென்டிமியெந்தோ லத்தீனோ' என்ற இசைத்தட்டில் முழு வாத்திய கோஷ்டியோடு லத்தீன் பாட்டுக்களைப் பாடியிருக்கிறார். அது விருந்துச் சாப்பாடு. கிதாரோடு தனியாகப் பாடுவதோ, வீட்டில் அம்மா கையால் சாப்பிடுவது. அப்போது குரலின் பலம் சத்தத்தில் இல்லை. மூச்சை அடக்குவதில், சொல்லைத் தெளிவாக உச்சரிப்பதில், ஒரு ஸ்வரத்தை மெல்ல மெல்லக் கரைய விடுவதில் இருக்கிறது. சாஸ்திரீயப் பயிற்சி வீண் போகவில்லை. அடக்கமாக வேலை செய்கிறது.

2011-ல் அவர் 'சின்ஃபோனியா போர் எல் பெரு' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் அங்கே வாத்தியம் வாசிக்கவும், கூட்டாகப் பாடவும் கற்றுக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் சம்பாதித்த புகழ், லீமாவுக்கே திரும்பி வந்தது.

உலகத்துப் பெரிய மேடைகளிலெல்லாம் ஏறிவிட்ட ஒரு மகன், கடைசியில் ரசிகர்கள் 'இன்னும் ஒன்று' என்று கேட்கும்போது, தகப்பனார் பாடிய பாட்டை எடுத்துப் பாடுகிறான். ரூபெனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த லா ஸ்காலா செய்துவிட முடியும்?