கசப்புக்கு ஒன்று, மணத்துக்கு இரண்டு: ஹாப்ஸ் பூவை மொத்தமாக வாங்கும் கணக்கு

மாசி, பங்குனி வந்தால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்து வீடுகளில் மிளகாய்ப் பேச்சு ஆரம்பித்துவிடும். குண்டூர் நீட்டு மிளகாய் எத்தனை கிலோ, ராமநாதபுரம் குண்டு எத்தனை கிலோ, நிறத்துக்குக் கொஞ்சம் காஷ்மீரி சேர்க்கலாமா என்று கணக்குப் போட்டு, வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாக வாங்கிக் காயவைத்து அரைப்பார்கள். காரத்துக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மிளகாயிடம் எதிர்பார்க்க முடியாது என்பது நம் அம்மாக்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூரிலும் லண்டனிலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அவர்கள் மொத்தமாக வாங்குவது ஹாப்ஸ் என்ற பூ. பீரின் கசப்பும் வாசனையும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். தமிழ்நாட்டில் 1937-ம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி, வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். திருவள்ளூர் மாவட்டத்தில் பீர் ஆலைகள் இருப்பதால் வீட்டு அடுப்புக்கும் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. பிரிட்டனில் விற்பனைக்கு அல்லாமல் வீட்டுக்குக் காய்ச்ச 1963-லிருந்து உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் 2004-லிருந்து, 18 வயது நிரம்பியவர்கள் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். ஆகவே கீழே வரும் யோசனைகள் அங்கே இருப்பவர்களுக்கு. இங்கே இருக்கும் நமக்கு இது தெரிந்துகொள்ள ஒரு கதை.

கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. ஹாப்ஸ் அதிகம் போடும் பீர் வகைக்குப் பெயரே 'இந்தியா பேல் ஏல்', சுருக்கமாக ஐ.பி.ஏ. 18-ம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பாய்மரக் கப்பலில் வர நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். வழியில் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் பீர் புளித்துவிடும். ஹாப்ஸில் இருக்கும் கசப்பு, புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அடக்கும். அதனால் வெப்ப நாடுகளுக்குப் போகும் பீரில் ஹாப்ஸைக் கூட்டிப் போடும்படி 1760-களிலேயே ஆலோசனை சொன்னார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்திலேயே ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை இருந்தது. கப்பல் கேப்டன்களுக்கு அவர் நீண்ட நாள் கடனும் கொடுத்தார். இந்த வியாபாரம் அவர் கைக்கு வந்ததற்கு, புதிதாக எதையோ கண்டுபிடித்தார் என்பதைவிட இந்த இரண்டு வசதிகள்தான் காரணம் என்று தோன்றுகிறது.

சரி, பெயரில் இந்தியா இருக்கும்போது பூவையும் இங்கேயே வளர்க்கலாமே? ஹாப்ஸ் கொடி, பகல் நீளமாக இருக்கும்வரை உயர ஏறி, பகல் சுருங்கத் தொடங்கும்போது பூக்கும். கும்மிடிப்பூண்டியில் வருடத்தின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தொடாது. கொடி வளர்வதற்கு முன்பே பூத்துவிடும், விளைச்சல் தேறாது. பிரேசிலில் இதற்காகவே தோட்டத்தில் விளக்கு போட்டு வளர்க்கிறார்கள். இந்தியாவில் சரிப்பட்டு வந்த இடம் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு. 1970-களில் அங்கே ஹாப்ஸ் சாகுபடி வந்தது. ஆனால் பெரிய ஆலைகள், கசப்பின் அளவு அச்சிட்ட, ஒரே சீரான வெளிநாட்டு ஹாப்ஸ் குளிகைகளின் பக்கம் சாய்ந்தன. விவசாயிகள் பலர் பட்டாணிக்கும் காலிஃபிளவருக்கும் மாறிவிட்டார்கள். மொத்தமாக வாங்குகிறவர் எதைக் கேட்கிறாரோ, அதுதான் வயலில் நிற்கும்.

அப்படி மொத்தமாக வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? ஹாப்ஸ் பாக்கெட்டில் 'ஆல்ஃபா அமிலம்' என்று ஒரு சதவிகிதம் போட்டிருக்கும். மிளகாயின் காரம் மாதிரி, இது கசப்பின் அளவு. ஒரு மணி நேரம் கொதித்தால்தான் இந்தக் கசப்பு முழுசாக இறங்கும். ஆனால் வாசனை எண்ணெய்கள் அந்தக் கொதியில் ஆவியாகிப் போய்விடும். ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோமே, அதே காரணம். எனவே கசப்புக்கான பூவை ஆரம்பத்திலும், மணத்துக்கான பூவை அடுப்பை அணைத்த பிறகும், பீர் நொதித்து முடித்த பிறகும் போடுவார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். 12 சதவிகித ஆல்ஃபா உள்ள மேக்னம் 30 கிராமில் கிடைக்கும் கசப்புக்கு, 5 சதவிகிதம் உள்ள ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் 72 கிராம் வேண்டும். விலை உயர்ந்த சிட்ராவையோ மொசைக்கையோ ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவது, பிரியாணிக்கு வாங்கிய குங்குமப்பூவைச் சாம்பாரில் போடுவது மாதிரி. கசப்புக்கு மேக்னம் போன்ற ஒரே ஒரு ரகத்தைக் கிலோ கணக்கில் வாங்கலாம், தப்பில்லை.

மணத்துக்கான ரகங்களில்தான் கை நீள்கிறது. பட்டியலைப் பார்த்தால் எல்லாம் வேண்டும்போல இருக்கும். 1972-ல் அமெரிக்காவில் வெளிவந்த கேஸ்கேட் சாத்துக்குடித் தோல் வாசம் தரும். சென்டெனியல் அதே சாயல், கசப்பு கூடுதல். சிட்ராவில் மாம்பழம், எலுமிச்சை. ஆங்கிலேயப் பழைய பாணி வேண்டுமென்றால் கோல்டிங்ஸ், ஃபக்கிள். என் யோசனை, இரண்டு ரகம் போதும். 20 லிட்டர் ஐ.பி.ஏ-வுக்கு மொத்தம் 150 முதல் 250 கிராம் ஹாப்ஸ் செலவாகும். ஒரு கிலோவே நாலைந்து தடவைக்கு வரும். மாதம் ஒருமுறை காய்ச்சுகிறவர், எட்டு ரகத்தில் எட்டு கிலோ வாங்கினால் பாதி வீணாகத்தான் போகும்.

ஏனென்றால் ஹாப்ஸ் கெட்டுப்போகிற சரக்கு. அதிலும் எல்லா ரகமும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. அறை வெப்பத்தில் ஆறு மாதம் கிடந்தால் கேஸ்கேட் தன் கசப்பில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். மேக்னமில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கும். இது 20 டிகிரி குளிர் நாட்டுக் கணக்கு. நம் ஊர் மாதிரி, சிங்கப்பூர் மாதிரி 30 டிகிரி தாண்டும் இடத்தில் இன்னும் சீக்கிரம் போய்விடும். பழசாகிப்போன ஹாப்ஸ் பாலாடைக்கட்டி போல, சில நேரம் துவைக்காத சாக்ஸ் போல நாறும். அந்த வாடை பீரிலும் இறங்கும்.

அதனால் பாக்கெட் கட்டிய தேதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. அறுவடை ஆண்டைக் கேளுங்கள். அமெரிக்கா, ஐரோப்பாவில் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர். நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள். புதுச் சரக்கு வரும் முன்பு தள்ளுபடி போட்டால், அது போன வருடத்துச் சரக்காக இருக்கும். கசப்புக்கு வாங்கலாம், மணத்துக்கு வேண்டாம். காற்று நீக்கி அடைத்த அலுமினியப் பையில் வருவதை ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். பையைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஐந்து கிலோ வாங்கினால், பிரித்த அன்றைக்கே 100, 200 கிராம் பைகளாகக் காற்று நீக்கி அடைத்து, ரகம், ஆண்டு, ஆல்ஃபா அளவு மூன்றையும் மேலே எழுதிவிடுவது நல்லது. ஃப்ரீசரில் எல்லாப் பச்சைக் குளிகையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வீட்டில் நாய் இருந்தால் இன்னொரு விஷயம். ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம். உடல் சூடு மளமளவென்று ஏறி, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். காய்ச்சி வடிகட்டிய சக்கையிலும் ஆபத்து இருக்கிறது, மால்ட்டின் இனிப்பு வாசனைக்கு நாய் தேடிவந்து தின்னும். சக்கையைச் செடிக்கு உரமாகத் திறந்த இடத்தில் கொட்டாமல், கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.