காவல் துப்பாக்கிக்கு அலங்காரம் எதற்கு?

ஆயுதம் தேவையினின்றும் பிறப்பது. தேவையை விட்டு விலகிப் பிறர் கண்ணுக்குக் காட்டும் பொருளாக அது மாறும்பொழுது, தாங்குவோனுக்கும் அவனைச் சுற்றி நிற்கும் ஜனங்களுக்கும் நன்மை குறைந்து அபாயம் மிகுகிறது. இதை இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு. பன்னிரண்டு போர் துப்பாக்கி என்று நம்மவர் வழங்கும் ரவைத் துப்பாக்கிக்கு மேல்நாட்டு வியாபாரிகள் சில காலமாகப் புதியதொரு வேஷம் கட்டி விற்று வருகிறார்கள். கன்னங்கரிய வர்ணம், துளையிட்ட இரும்பு உறை, அடிக்கட்டையில்லாத வெறுங் கைப்பிடி, சிவப்புப் புள்ளி வீசும் லேஸர், இன்னும் எதையெதையோ மாட்டுவதற்கென்று பல் வெட்டிய சட்டம் ஆகிய இவ்வளவும் சேர்ந்தால் அதற்கு ‘டாக்டிகல்’ துப்பாக்கி என்று பெயர். போர்த் தந்திரத்துக்கு உரியது என்பது அச்சொல்லின் கருத்து. சினிமாவும் கைப்பேசியில் ஓடும் படங்களும் இவ்வேஷத்தை நம் வாலிபர்களுக்கு நன்றாக அறிமுகம் செய்து வைத்திருக்கின்றன.

இது அமெரிக்கர் விவகாரம், நமக்கென்ன என்று நேயர்கள் நினைத்தல் வேண்டாம். நம் நாட்டில் சாதாரணப் பிரஜை துப்பாக்கியை மிகச் சமீபத்தில் காணும் இடம் எது? வங்கி வாசலும், ஏ.டி.எம். இயந்திரத்துக்குப் பணம் கொண்டுவரும் வண்டியுமே. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரிலும் பல்லாவரம், தாம்பரம் வட்டாரங்களிலும் இருபது வருஷங்களில் ஜனத்தொகை பெருகிற்று. வங்கிக் கிளைகளும் நகைக் கடைகளும் பெருகின. அவற்றுடன் துப்பாக்கி தாங்கிய காவற்காரர்களும் பெருகினார்கள். அக்காவற்காரர் பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பல இடங்களில் அவர் தம் சொந்த லைசென்ஸில் உள்ள துப்பாக்கியையே எடுத்துக் கொண்டு வேலைக்கு வருகிறார். அவர் கையிலுள்ளது பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியாயிருந்தால், ‘இதென்ன தாத்தா காலத்துச் சாமான்’ என்று ஏளனம் செய்வோர் உளர். பார்த்த மாத்திரத்தில் திருடன் நடுங்கும்படியான துப்பாக்கி வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தைத்தான் ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஆயுதத்தின் இயல்பைக் காண்போம். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு எவ்வளவு விட்டமோ அவ்வளவே குழலின் விட்டம்; அதனாலேயே பன்னிரண்டு போர் என்ற பெயர். அது ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ஒரு தோட்டாவிலிருந்து பல ரவைகள் புறப்படுவதால், குறி பார்க்கவே வேண்டியதில்லை, ஏதோ ஒன்று படும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. அது பொய். பெரிய ரவைகள் கஜத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வீதமே விரிகின்றன. ஏழு கஜ நீளமுள்ள வங்கிக் கூடத்தில் அவற்றின் பரப்பு ஒரு சாணளவே. குறி தவறினால் அத்தனை ரவைகளும் சேர்ந்தே தவறும். தவறியவை பின்னால் நிற்கும் நிரபராதியை நாடிச் செல்லும். ஆகவே, ரவைத் துப்பாக்கிக்கும் தோளில் ஊன்றும் கட்டையும், கண்ணுக்குத் தெளிவான குறிமுள்ளும், பழகிய கையும் இன்றியமையாதவை.

இனி அலங்காரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம். குழலின் மேல் போர்த்திய துளையிட்ட இரும்பு உறை எங்கிருந்து வந்தது? 1917-ம் ஆண்டில் அமெரிக்கா முதல் மகா யுத்தத்தில் பிரவேசித்தபோது, அதன் சேனை 1897-ம் வருஷத்து மாதிரியான வின்செஸ்டர் பம்ப் துப்பாக்கியைப் பதுங்கு குழிச் சண்டைக்கு எடுத்துக் கொண்டது. முனையில் பயனெட் கத்தியை மாட்டிக் குத்த வேண்டியிருந்தது. பலமுறை சுட்டுப் பழுக்கக் காய்ந்த குழலைக் கையால் பற்றிக் குத்துவது எப்படி? அதற்காகவே அவ்வுறை. அத்துப்பாக்கியின் கொடுமையைக் கண்டித்து 1918-ம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மன் அரசாங்கம் ஆட்சேபம் அனுப்பியதும் சரித்திரம். அன்று அவ்வுறைக்குக் காரணம் இருந்தது. குன்றத்தூர்க் கடைவீதியில் நிற்கும் காவற்காரர் பயனெட் மாட்டுவதில்லை. கைப் பொசுங்கும் வரை சுட வேண்டிய அவசியமும் அவருக்கு ஒருநாளும் நேரப் போவதில்லை. அவருக்கு அவ்வுறை வீண் சுமை. துருப்பிடிப்பதற்கு மற்றோர் இடம்.

அடிக்கட்டையை நீக்கிவிட்டு வெறுங் கைப்பிடி மட்டும் வைத்த துப்பாக்கி பார்வைக்குப் பயங்கரமானது. ஆயின் பன்னிரண்டு போர் தோட்டாவின் பின்னுதையைத் தோள் ஏற்க வேண்டுமேயன்றி மணிக்கட்டு ஏற்க முடியாது. தோளும் கன்னமும் கட்டையில் படியாவிட்டால் கண் குறிமுள்ளோடு இணைவதில்லை. கதவின் கீலை உடைத்து உள்ளே புகும் விசேஷப் போலீஸ் படையினர் குட்டைத் துப்பாக்கியைத் தக்க காரணத்தோடு கையாளுகிறார்கள். வங்கிக் காவற்காரருக்குக் கதவை உடைக்கும் வேலை இல்லை; கதவைக் காக்கும் வேலையே உண்டு.

குழலைக் குட்டையாக்கும் மோகத்துக்கு நம் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 20 அங்குலத்துக்குக் குறைந்த குழலையுடைய ரவைத் துப்பாக்கியை நம் ஆயுத விதிகள் சாதாரண வகையினின்றும் பிரித்துக் கடுமையான வகுப்பில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1934-ம் வருஷத்துச் சட்டப்படி எல்லை 18 அங்குலம். அந்நாட்டுப் படங்களைப் பார்த்து அதே அளவில் இங்கே குழலைக் குறைப்பவர் தம் லைசென்ஸுக்கும் சுதந்தரத்துக்கும் ஒருங்கே உலை வைத்துக் கொள்பவராவார்.

எல்லாப் புதுமையும் வீண் என்று நாம் கூறவில்லை. சில சாதனங்கள் மிக்க பிரயோஜனமானவை. இரவுக் காவலில் டார்ச் விளக்கு அவசியம். எதிரில் நிற்பவன் கள்வனா, பெருக்க வந்த வேலைக்காரியா என்று அறியாமல் விசையில் விரல் வைப்பது மகா பாபம். ஆனால் விளக்கு துப்பாக்கியிலேயே பொருத்தப்பட்டிருந்தால், பார்க்க விரும்பும் ஒவ்வொருவர் மீதும் குழலை நீட்ட வேண்டிவரும். ஆதலின் தனியாக ஒரு கைவிளக்கும் இருத்தல் நலம். நாள் முழுதும் நிற்பவருக்குத் தோள்வார் வேண்டும். அவர் கைநீளத்துக்குத் தக்க அடிக்கட்டை வேண்டும். மாற்றுத் தோட்டாக்கள் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். ஆயினும் துப்பாக்கியின் பக்கத்தில் திருகி மாட்டும் தோட்டாப் பட்டியின் திருகுகளை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பம்ப் இறுகிப்போவதும் உண்டு. இடுப்பு வாரில் உள்ள பழைய தோட்டாப் பைக்கு அந்தத் தொல்லை கிடையாது.

பம்ப் துப்பாக்கி சிறந்ததா, இரட்டைக் குழல் சிறந்ததா என்ற கேள்வியும் எழும். நம் அரசாங்கத் தொழிற்சாலைகள் பன்னிரண்டு போரில் பம்ப் துப்பாக்கியும் செய்திருக்கின்றன. அதில் அடுத்தடுத்துச் சுடத் தோட்டாக்கள் அதிகம் கொள்ளும் என்பது உண்மை. ஆனால் முன்பிடியை முழுத் தூரம் பின்னுக்கு இழுத்து முழுத் தூரம் முன்னுக்குத் தள்ள வேண்டும். அச்சத்தில் கை குறுகி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறாது. இடைவிடாப் பழக்கமே அதற்கு மருந்து. இரட்டைக் குழலோ, மடக்கித் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே காட்டிவிடும். ஜன நெருக்கடியில் நாள்தோறும் பத்து மணி நேரம் துப்பாக்கியுடன் நிற்பவருக்கு இவ்வெளிமை சிறிய நன்மையன்று.

‘கண்டாலே நடுங்க வேண்டும்’ என்ற வாதத்துக்கு வருவோம். 2012-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி பெருங்குடியில் ஒரு வங்கியும், பிப்ரவரி 20-ந் தேதி கீழ்க்கட்டளையில் மற்றொரு வங்கியும் பட்டப்பகலில் கொள்ளையடிக்கப்பட்டன. பிப்ரவரி 23-ந் தேதி அதிகாலையில் வேளச்சேரியில் ஐந்து பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களை நீதிமன்றம் விசாரிக்கும் வாய்ப்பே அற்றுப்போயிற்று என்பது சட்டத்தை மதிப்போர் மறக்கத் தகாதது. அன்று தென்சென்னைவாசிகள் கேட்ட கேள்வி என்ன? காவற்காரன் துப்பாக்கியில் லேஸர் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. கண்காணிப்புக் காமிரா எங்கே, அபாய மணி எங்கே, விழிப்புள்ள காவல் எங்கே என்றே கேட்டனர். அவ்வருஷ முடிவிலேயே பொதுக் கட்டிடங்களில் காமிரா வைக்கத் தமிழ்நாடு அரசாங்கம் விதிகள் வகுத்தது. மேலும், பயங்கரத் தோற்றமுள்ள துப்பாக்கியைத் தாங்கியும் அதைக் கையாளத் தெரியாத காவற்காரனைத் துணிந்த கொள்ளையன் முதலில் தாக்குவான். துப்பாக்கியும் அவன் வசமாகும்.

துப்பாக்கியில் எதையேனும் மாட்டிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை சர்க்காரையும் விடவில்லை. காஷ்மீரத்தில் கூட்டங்களைக் கலைக்கப் பன்னிரண்டு போர் பம்ப் துப்பாக்கிகளே உபயோகிக்கப்பட்டன. 2016-ம் ஆண்டு ஜூலை 8 முதல் ஆகஸ்டு 11 வரையில் சுமார் 13 லட்சம் ரவைகள் சுடப்பட்டதாக மத்திய ரிசர்வ் போலீஸ் படையே ஹைகோர்ட்டில் தாக்கல் செய்த பத்திரத்தில் கண்டிருக்கிறது. கண்ணொளி இழந்தோர் பலர். மறு வருஷம், ரவைகள் மேலெழாதவாறு குழல் முனையில் ஒரு தடுப்பை மாட்ட ஏற்பாடாயிற்று. நோக்கம் நல்லதே. ஆயினும் குழலை எத்திசையில் நீட்டுவது, எவ்வளவு தூரத்தில் சுடுவது, சுடுவதா வேண்டாமா என்பவற்றை முடிவு செய்வது மனிதனுடைய மனமும் கையுமே. இரும்புத் துண்டு அப்பொறுப்பை ஏற்காது.

இவ்விஷயத்தில் அதிகாரிகள் வகுத்துள்ள விதிகள் சில நன்றாகவே இருக்கின்றன. ரிஸர்வ் வங்கி 2018-ம் ஆண்டு ஏப்ரலில் பிறப்பித்த கட்டளைப்படி, பண வண்டியில் இரண்டு ஆயுதக் காவற்காரர்களாவது இருக்க வேண்டும். அவர்கள் துப்பாக்கி செல்லுபடியாகும் லைசென்ஸ் உடையதாகவும் வேலை செய்யும் நிலையிலும் இருக்க வேண்டும். வேலை செய்யும் நிலை என்ற அச்சொற்களைக் கவனிக்குமாறு வேண்டுகிறோம். அவ்வாண்டே மத்திய உள்நாட்டு இலாகா வெளியிட்ட விதிகள், நகரங்களில் இரவு 9 மணிக்கு மேல் ஏ.டி.எம்.களில் பணம் நிரப்பலாகாதென்றும், ஒரு வண்டி ஒரு தடவையில் 5 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றலாகாதென்றும் கூறுகின்றன. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள் லைசென்ஸ் கோருவோருக்குப் பாதுகாப்புப் பயிற்சியை வற்புறுத்துகின்றன. 2019-ம் வருஷத் திருத்தச் சட்டம், கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு அபாயம் விளைப்போரை இரண்டாண்டு வரை சிறையிலிடவும் லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கிறது. துப்பாக்கி ஆடம்பரப் பொருளன்று என்பதைச் சட்டமே இவ்வாறு கூறிவிட்டது.

தேச சேவையில் ஈடுபட்டோர் இதன் பழைய வரலாற்றையும் நினைவு கூர்தல் வேண்டும். 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கி, வெள்ளையருக்கு விலக்கு அளித்தது. அந்த அவமானத்தை எதிர்த்துப் பேசாத காங்கிரஸ் தலைவர்கள் சிலரே. 1931-ம் ஆண்டில் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதைப் பிரஜைகளின் உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்தது. 1959-ம் வருஷத்தில் சுதந்தர இந்தியா தன் ஆயுதச் சட்டத்தை இயற்றிற்று. இவ்வளவு பாடுபட்டது நான்கு பேர் முன்னே கறுப்புத் துப்பாக்கியுடன் மெய்காப்பாளரை நிறுத்திப் பவனி வருவதற்கா? அரசியல் மேடைகளைச் சுற்றி இன்று காணும் அந்த வேடிக்கை ஜனநாயகத்துக்கு அழகன்று.

ஆகவே நாம் கோருவன சிலவே. காவல் ஏஜன்ஸிகளும் வங்கிகளும் அலங்காரத்துக்குச் செலவிடும் தொகையைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடட்டும். ஒவ்வொரு காவற்காரரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுட்டுப் பழகியதாக அத்தாட்சி பெறட்டும். 2022-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கென்று தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் ஏற்பட்டிருக்கிறது. போலீஸாரின் சுடுதளத்தைக் குறிப்பிட்ட நாட்களில் நியாயமான கட்டணத்துக்கு இக்காவற்காரர்களுக்குத் திறந்துவிட அவ்வலுவலகம் யோசிக்கட்டும். பழைய துப்பாக்கிகளைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளியைக் கொண்டு சோதிப்பித்துச் சான்று பெறுவது கட்டாயமாகட்டும். யாவற்றுக்கும் மேலாக, வெயிலில் நின்று பிறர் பணத்தைக் காக்கும் முதியவருக்கு உட்கார ஓர் ஆசனமும், வயிறார உண்ணக் கூலியும் கிடைக்கட்டும். களைத்தவன் கையிலுள்ள ஆயுதம் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதனால் காவல் உறுதியாகாது. குன்றத்தூர் நண்பர்களும் பிற ஊர் அன்பர்களும் தத்தம் ஊர் வங்கிகளில் இவற்றைக் கேட்டுப் பெறுவார்களென்று நம்புகிறோம்.